எலும்புப் பையும் கோரைப் பாயும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பாராட்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் பேசியது. வர முடியாதவர்கள் பலர் கேட்டதால், அவரிடமே எழுதி வாங்கி வெளியிடுகிறோம்.)

செயலாளர் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார். போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்குக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. அதனால் எனக்கும் கொஞ்சம் சலுகை கிடைக்கும் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

நம் வாசலில் ராத்திரிக் காவல் பார்க்கிற அண்ணாச்சியின் மகளுக்காகத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நீட் எழுதி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேரப் போகிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் அது. கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மற்றதையெல்லாம் அவள்தான் சமாளிக்க வேண்டும். மற்றது என்ன என்பதைச் சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

போன வாரம் லிஃப்ட்டில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "டாக்டர் மாமா, பாடம் எல்லாமே இங்கிலீஷ்லதானாமே. ஒண்ணுமே புரியாமப் போச்சுன்னா என்ன செய்ய?" நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது. நம் லிஃப்ட் வேகமாகப் போன ஒரே நாள் அதுதான். பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தமடைக்காரன். இங்கிருந்து பாபநாசம் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். பாய்க்குப் பேர் போனது. மருத்துவம் படிக்கப் போனவர் ஒருவராலும் பேர் போனது என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், சிலருக்குத் தெரியாது. 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி எங்கள் ஊரில் பிறந்த குப்புசாமி. அப்பா எட்டயபுரம் ஜமீனில் வருவாய் அதிகாரி. பையன் எட்டயபுரத்தில் பள்ளிக்கூடமும் திருச்சியில் கல்லூரியும் முடித்துவிட்டுத் தஞ்சாவூருக்கு மருத்துவம் படிக்கப் போனார். அவர்தான் பின்னால் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனவர். அந்தப் பிற்பாதியை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது முற்பாதி.

லீவு விட்டால் மற்ற மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்களாம். குப்புசாமி போகமாட்டார். ஆஸ்பத்திரியிலேயே கிடப்பார். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயும் விடுவார்கள். முதல் வருஷத்திலேயே, கடைசி வருஷத்துக்காரர்களுக்குத் தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் எழுதுவாராம். இதைப் படித்தபோது எனக்கு மரியாதை வந்தது உண்மை. கூடவே இன்னொன்றும் வந்தது. என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். அவனை எங்களில் ஒருத்தருக்கும் பிடிக்காது.

1909-ல் திருச்சியிலிருந்து 'அம்புரோசியா' என்று ஆங்கிலத்தில் ஒரு மருத்துவப் பத்திரிகை ஆரம்பித்தார். முதல் போட அம்மாவிடம் வாங்கியது 100 ரூபாய். நாலு வருஷம் நடத்தினார். 1913-ல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் சைவச் சாப்பாடு கிடைக்குமோ கிடைக்காதோ என்று வீட்டிலிருந்து பட்சணம் கட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க இனிப்பும் தண்ணீரும்தான். சிங்கப்பூர் போய் இறங்கும்போது பாதி உயிர்தான் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். உடம்பைப் பற்றி அத்தனை படித்தவர், தன் வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையிலும் இதே மாதிரி ஒன்று வரும், ஆனால் அது அவ்வளவு சிரிப்பாக இருக்காது.

நான் 1982-ல் சேர்ந்தேன். நீட் கிடையாது. மாநில நுழைவுத் தேர்வும் அதற்கு அப்புறம்தான் வந்தது. மார்க்கை வைத்துத்தான் இடம். எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன். எனக்குப் பாடம் எடுத்தவர்களில் இரண்டு பேர் இன்னும் திடமாக இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் உம்மா பாய் நெய்வார். வாப்பா கோரை வாங்கிப் போடுவார், நெய்த பாயைத் தலையில் வைத்துக் கொண்டுபோய் விற்பார். கோரை என்றால் ஆற்றங்கரையில் வளருகிற புல். அதைக் கீறிக் கீறி மெல்லிசாக்கி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொரு ஈர்க்காகக் கோத்துத் தரையில் குனிந்து உட்கார்ந்து நெய்ய வேண்டும். சாதாரணப் பாய் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டுப்பாய் என்று ஒன்று உண்டு, அது 100 எண்ணுக்கு மேலே போகும். துணி மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரையும் நெய்வார்கள். உம்மா பட்டுப்பாய் நெய்கிற கை.

நான் ஹாஸ்டலுக்குப் போனபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் கொண்டுபோனேன். அறையில் எனக்கு முன்னால் வந்திருந்த மெட்ராஸ் பையன் என் பேரைக் கேட்டான், கையில் இருந்ததைப் பார்த்தான், வராந்தாவுக்குப் போய்க் கத்தினான்: "டேய், பாய் பாயோட வந்திருக்காருடா!" ஐந்தரை வருஷம் அந்த ஜோக் ஓடியது. அவன் இப்போது பெரிய இதய நிபுணன். இன்னும் போனில் என்னை "பாயோட வந்த பாய்" என்றுதான் கூப்பிடுகிறான்.

முதல் நாள் உடற்கூற்று வகுப்பு. ஒரு மணி நேரம் பேராசிரியர் பேசினார். எனக்குப் புரிந்தது "குட் மார்னிங்" மட்டும். ராத்திரி லிஃப்கோ அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு நோட்டில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்பது சரி, அகராதிக்குமா தெரியாது? திரும்பிப் பார்த்தால், கான்வென்ட்டில் படித்த அந்த மெட்ராஸ் பையனும் தன் அகராதியில் அதே 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டை'த்தான் தேடிக்கொண்டிருந்தான். அவை ஆங்கிலமே இல்லை, லத்தீனும் கிரேக்கமும். அந்த வகுப்பில் இருந்த ஒருவருக்கும் தாய்மொழி இல்லை. ஏம்மா, இதை மட்டும் நீ குறித்துக்கொள். உன் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை எவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசினாலும், கழுத்துத் தசையின் பேர் அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

என்னைக் கவிழ்த்தது பெரிய சொற்கள் இல்லை. சின்னச் சொற்கள்.

முதல் வாய்மொழித் தேர்வு. மேஜைமேல் எலும்புகள். ஆசிரியர் ஒரு தொடை எலும்பை எடுத்து என் கையில் கொடுத்து, "சைடு?" என்றார். அது வலது பக்கத்து எலும்பா இடது பக்கத்து எலும்பா என்று கேட்கிறார். எனக்கு, தள்ளி நில் என்று சொல்கிறார் போலிருந்தது. மரியாதையாக ஓரடி தள்ளி நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "சைடு, சைடு!" என்றார். இன்னும் இரண்டடி தள்ளினேன். மூன்றாவது தரம் அவர் கத்தினபோது நான் எலும்போடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் தள்ள இடம் இல்லை. அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சிரிக்கப் போனாரா தண்ணீர் குடிக்கப் போனாரா, தெரியாது. மார்க் வந்தபோது சிரித்த மாதிரித் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி பெட்டியைக் கட்டிவிட்டேன். ஊருக்கே போய்விடலாம், கோரை அறுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று. மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் ஏறினேன். ஆனால் ஒரு தப்பு செய்தேன். சீனியரிடம் கஷ்டப்பட்டு வாங்கிய எலும்புப் பையை விட்டுவிட்டு வர மனசில்லாமல் அதையும் எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் எலும்பு கிடையாது, நிஜ எலும்புதான். அரைச் செட்டு: பாதி உடம்பு, ஒரு மண்டை ஓடு. அப்போது உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படித்த எலும்புகளில் ஏராளம் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறியவைதான். 1985-ல் அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

ராத்திரி பஸ்ஸில் வந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் மாறி, பாபநாசம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். மடியில் துணிப்பை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகட என்கிறது. கண்டக்டர் வந்து, "தம்பி, பையில என்ன? பாத்திரமா? லக்கேஜ் போடணும்" என்றார். நான் உண்மை பேசுகிற பிள்ளை. "எலும்பு" என்றேன். "ஆட்டெலும்பா? இவ்வளவு எதுக்குவே?" என்று பையை விரித்துப் பார்த்தார். மேலே இருந்தது மண்டை ஓடு.

அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டார். பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னல் வழியாகவே இறங்கப் பார்த்தார். என்னை இறக்கிவிடுவதா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விடுவதா என்று பஸ்ஸுக்குள் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவர்தான், "ஏய், நம்ம பாய்க்காரர் மவன்லா! டாக்டருக்குப் படிக்கான்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். மேலச்செவல் தாண்டியதும் கண்டக்டர் மெதுவாக வந்து குனிந்தார். "டாக்டர் தம்பி, எனக்கு அஞ்சு வருஷமா நெஞ்சு கரிப்பு. என்ன மாத்திரை போடலாம்?" படிப்பை விட்டு ஓடி வருகிறவனுக்கு அதுதான் முதல் நோயாளி.

வீட்டில் உம்மா பையை வாசலோடு நிறுத்திவிட்டார். என்னை மட்டும் உள்ளே விட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சாப்பாடு போட்டு முடித்துவிட்டு வெளியே வந்து, பையைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது ஆணா, பொண்ணா வாப்பா? யாரு பெத்த பிள்ளையோ?"

எனக்குத் தெரியவில்லை. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பாடம் பக்கம் பக்கமாக இருந்தது. இந்த எலும்பைப் பார்த்து அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. உம்மா உள்ளே போய், ஓரம் சரியாக வராமல் ஒதுக்கிவைத்திருந்த ஒரு பட்டுப்பாய்த் துண்டை எடுத்து வந்து, எல்லாவற்றையும் அதில் சுருட்டிக் கட்டினார். "சாக்குப் பையில கடகடன்னு ஆட்டிக்கிட்டுப் போவாத. இதுல வச்சுக்க." படிப்பை விடப் போகிறேன் என்று நான் சொல்வதற்கு இடமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாயில் சுருட்டின எலும்போடு திரும்பப் பஸ் ஏறினேன். ஹாஸ்டலில் அந்த மெட்ராஸ்காரன் என்ன ஜோக் சொன்னான் என்பது இங்கே வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுக்கவே முடியாது என்று எங்களுக்குச் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ரொம்ப வருஷம் கழித்துத்தான் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டரைப் பற்றிப் படித்தேன். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி. மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, உள்ளூர்ப் பையன்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில். பிறகு, இங்கிலீஷில் படித்தவன் கிராமத்துக்குப் போகமாட்டேன் என்கிறான் என்று கண்டு, 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றிவிட்டார். தானும் தமிழ் படித்து, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் கொண்டுவந்தார். நான் 'சைடு' தெரியாமல் சுவரில் ஒட்டி நின்ற நாளுக்கு நூறு வருஷம் முன்னாலேயே தமிழில் அனாடமி புத்தகம் அச்சாகி, படித்து, பாஸ் செய்து, வைத்தியமும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

சரி, இரண்டாம் கட்டத்துக்கு வருகிறேன். நோய்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிற வருஷம். இந்த வருஷத்தில் மருத்துவ மாணவர்களுக்கு என்றே ஒரு நோய் வரும். உலகம் பூராவும் வரும். எந்தப் பாடம் நடக்கிறதோ அந்த நோய் வரும். திங்கட்கிழமை எனக்குக் காசநோய். வியாழக்கிழமை மூளையில் கட்டி. என் அறைத் தோழன் ஒரு மாசம் இடது கையால் தன் வலது கை நாடியைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினான். எதிர் அறைக்காரன் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று உயிலே எழுதிவிட்டான், சைக்கிள் எனக்கு என்று. ஈறு வீக்கம்தான், மூன்று நாளில் வடிந்துவிட்டது. சைக்கிள் போச்சே என்று எனக்கு வருத்தம்.

ஒருநாள் காலையில் எழுந்தால் என் வலது கை மரத்திருந்தது. முந்தின நாள் பாடம் தொழுநோய். முடிந்தது கதை என்று பல் விளக்காமல் பேராசிரியர் வீட்டுக்கே ஓடினேன். அவர் ஊசியால் குத்திப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார். "ராத்திரி எப்படிப் படுத்தே?" என்றார். கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். "உனக்கு வந்திருக்கிறது செகண்ட் இயர். பரீட்சை முடிஞ்சா குணமாயிடும்" என்று காப்பி கொடுத்து அனுப்பினார்.

அந்த லீவில் ஊருக்கு வந்தேன். ஊருக்கு வருவது என்றால் சும்மா இல்லை. நான் வந்த சேதி தெரிந்ததும் திண்ணையில் வரிசை உட்கார்ந்துவிடும். மாமிக்கு வயிற்றாலே போகிறது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் காது அடைப்பு, யாருக்கோ மாடு தீனி எடுக்கவில்லை. அதுவரைக்கும் நான் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள். உயிரோடு இருக்கிறவரை எங்கே தொடுவது என்றே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால், பிறகு எதற்கு இத்தனை செலவழித்துப் படிக்கிறான் என்பார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாருக்கும் பி-காம்ப்ளெக்ஸ். மாட்டுக்கு மட்டும் தரவில்லை.

வரிசை முடிந்தபிறகு, அடுப்படியில் இருந்து உம்மாவும் கேட்டார். "வாப்பா, ராத்திரிக்குக் கை மரமரங்குது. ஊசி குத்துத மாதிரி இருக்கு." நான் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "சத்துக் குறைவும்மா" என்று அந்த மாத்திரையையே பத்து கொடுத்தேன். என் கை ஒருநாள் மரத்ததற்குப் பேராசிரியர் வீட்டுக்கு ஓடினவன் நான். ஓடிப் போய் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

வார்டுக்குப் போக ஆரம்பித்தபோதுதான் என் தமிழுக்கு மவுசு வந்தது. எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள் எல்லாம் நம் பக்கத்து ஜனங்கள். பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சு பிடிபடாது. ஒரு பாட்டி "மண்டையிடிக்கி" என்று சொல்ல, நம் மெட்ராஸ்காரன் 'தலையில் அடிபட்டவர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதி, மண்டைக்கு எக்ஸ்ரேவும் எழுதிவிட்டான். பாட்டிக்கு வெறும் தலைவலி. இன்னொருத்தர் "குறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். குறுக்கு என்றால் இடுப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வலி எந்தத் திசையில் குறுக்கே போகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லி அரை மணி நேரம் அவரைப் படுத்தினான். அதற்கப்புறம் உளையுது, கிறக்கம், தடுமன் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'சைடு' என்று என்னைக் கேலி செய்தவர்களே, "பாய், கொஞ்சம் வந்து மொழிபெயர்ப்புப் பண்ணுப்பா" என்று கெஞ்சினார்கள். நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான் போவேன்.

1986-ல் ஒருநாள் ஓ.பி.யில் பீடி சுற்றுகிற ஒரு அம்மா வந்தார். கை மரத்துப்போகிறது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு வாய்க்கால் மாதிரி வளைந்து நிற்கும். அதன் மேலே பட்டையாக ஒரு தசைநார். நடுவே விரல்களை மடக்குகிற ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போகும். ஓயாமல் கையை மடக்கி வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடம் வீங்கி நரம்பை நெரிக்கும். இதையெல்லாம் நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன், ஆங்கிலத்திலேயே. பேராசிரியர் என்னிடம், "ராத்திரி மரத்தா என்ன செய்வாங்கன்னு கேளு" என்றார். கேட்டேன். அந்த அம்மா வாயால் பதில் சொல்லவில்லை. கையைத் தூக்கி, தெர்மாமீட்டரை உதறுவது மாதிரி இரண்டு உதறு உதறிக் காட்டினார்.

அந்த உதறலை நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ ராத்திரி. திண்ணையில் படுத்துக்கொண்டு, உள்ளே உம்மா எழுந்து உட்கார்ந்து கையை உதறுவதைப் பார்த்திருக்கிறேன். கொசு விரட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

பேராசிரியர் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போனேன். உம்மா கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது. அந்த அளவுக்கு வரச் சில வருஷம் ஆகும். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னேன்லா. மாத்திரை தந்தியே, அதத்தான் இன்னும் வாங்கிப் போடுதேன்" என்றார்.

கூட்டிக்கொண்டு போய் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்தோம். கையை மட்டும் மரக்கவைத்து, அந்தப் பட்டையை வெட்டி நரம்புக்கு வழி விடுகிற சின்ன ஆபரேஷன். ராத்திரி மரப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. வற்றின சதை திரும்பவில்லை. மெல்லிய கோரையைப் பெருவிரலால் பிடிக்க வரவில்லை. அதற்கப்புறம் உம்மா சாதாரணப் பாய்தான் நெய்தார், பட்டுப்பாய் நெய்யவில்லை. இரண்டு வருஷம் முன்னால் அந்த அடுப்படியில் நான் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் முப்பத்தைந்து வருஷம் ஓ.பி. பார்த்தேன்.

சிவானந்தர் ரிஷிகேசத்தில் இருந்தபோது, பத்ரிநாத் போகிற யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினாராம். ராத்திரி படுத்தபிறகு, வேறு மருந்து கொடுத்திருந்தால் இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமே என்று தோன்றியிருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து, அந்த மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் மைல்கணக்கில் ஓடி ஆளைப் பிடித்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர். லீவில் வீட்டுக்குப் போகாத மாணவர்களைப் பற்றி நான் முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறது என்றால் சும்மா விடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு இருக்கிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும். நாளெல்லாம் கையால் செய்கிற எந்த வேலையிலும் வரலாம். ஆரம்பத்தில் பிடித்தால் ராத்திரி மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறைந்துவிடும். சி பிளாக்கில் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். நம் வளாகத்தில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாமார்களிடமும் கேளுங்கள். துணி பிழிகிற கை அவர்களுடையது.

இன்னொரு வேண்டுகோள். இந்தப் பிள்ளை லீவுக்கு வரும்போது ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போகாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. பி-காம்ப்ளெக்ஸ்தான் எழுதுவாள்.

ஏம்மா, நீ கேட்டதற்கு வருகிறேன். புரியாமல் போகும். மூணு நாலு மாசம் ஒண்ணும் புரியாது. ராத்திரி பெட்டியைக் கட்டத் தோணும். கட்டு, தப்பில்லை. ஆனால் ஊருக்கு வா, வந்து உங்க அம்மா கையால சாப்பிடு, எங்கிட்ட ஒருதரம் பேசிட்டு அப்புறம் முடிவு பண்ணு. என் பழைய அனாடமி புத்தகங்களைச் சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன், ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதியிருக்கும், கையெழுத்துக்கு மன்னிச்சுக்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருப்பேன். யாராவது "சைடு?" என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு இப்போதே தெரிந்துவிட்டது, அந்த வகையில் நீ என்னைவிட ஒரு படி முன்னால் இருக்கிறாய்.

போன வாரம் பத்தமடைக்குப் போய் உனக்கு ஒரு பாய் வாங்கி வந்திருக்கிறேன். சாதாரணப் பாய்தான். ஹாஸ்டல் கட்டிலில் விரித்துக்கொள். உன்னை யாரும் "பாய்" என்று கூப்பிட வழியில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

போண்டா ஆறுகிறது என்று பின்னாலிருந்து செயலாளர் கை காட்டுகிறார்.